கூரைக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. வந்த சரக்கில் கப்ரா வண்டு இருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். அப்போது இலங்கை, 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தப் போவதாக அறிவித்திருந்தது. அந்த அஸ்பெஸ்டஸில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்துதான் வந்தது. சில நாட்களில் கொழும்பு தன் முடிவைத் தளர்த்தியது. மாதம் முடிவதற்குள் தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத்துத் தலவாக்கலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் பிழைப்பு அந்தப் பேரத்தில் பணயமாக நின்றது. தடை வருமா வராதா என்ற பேச்சில் ஒன்றை மறந்துவிட்டோம். ஏற்கெனவே கூரையேறிவிட்ட அஸ்பெஸ்டஸ் சீட்கள் தடை வந்தாலும் அங்கேயேதான் இருக்கும். ஆட்கள் குடியிருக்கிற, படிக்கிற, வேலை செய்கிற கட்டடங்களில் அவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதே முதல் வேலை. அதற்கு எந்த நாட்டின் தயவும் வேண்டாம்.

நீல அஸ்பெஸ்டஸ்தான் ஆபத்தானது, அதை இலங்கையில் 1987இலேயே தடை செய்தாயிற்று, இப்போதுள்ள வெள்ளை வகை சிமெந்தோடு இறுகியிருப்பதால் பயமில்லை என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளை உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. உடையாத சீட்டிலிருந்து நார் அதிகம் வெளியேறாது என்பது மெய்தான். ஆனால் தலவாக்கலையின் மழையிலும் பனியிலும் கூரை பாசி பிடிக்கிறது. ஒழுகத் தொடங்கியதும் ஒருவர் ஏறிக் கம்பித் தூரிகையால் சுரண்டுகிறார், ஆணிக்குக் காய்ந்த சீட்டிலேயே துளை போடுகிறார். தூள் கீழே அடுப்பங்கரையில் விழுகிறது. கழற்றிய துண்டு கோழிக்கூட்டுக்குப் போகிறது. நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்கூட ஆகலாம் என்பதால் பிற்காலத்தில் வரும் இருமலையும் இன்று விழும் தூளையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. உடையாதவரை ஆபத்து குறைவு என்றால், எது உடைந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்க அதுவே போதிய காரணம்.

பிரித்தானியா 1999இல் அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடை செய்தது. அதன்பிறகும் பள்ளிக்கூடம், வைத்தியசாலை, தொழிற்சாலை போன்ற கட்டடங்களைப் பராமரிக்கிறவர், அஸ்பெஸ்டஸ் இருக்குமிடத்தைக் கண்டறிந்து, பதிந்து, வேலைக்கு வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். சந்தேகம் தீராத பொருளை அஸ்பெஸ்டஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தனி வீடுகளுக்கு அந்தச் சட்டம் இல்லையே என்று கேட்கலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தனி வீடு அல்ல. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு காம்பராவில் போடும் துளையின் தூள் பக்கத்துக் காம்பராவுக்கும் போகும். காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, உறுதிப்பத்திரமில்லாமல் குடியிருப்பவர் தொழிலாளி. கூரை யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். கடைசியில் ஏணியில் ஏறுகிறவர் தொழிலாளிதான். பதிவேட்டில் பொறுப்பாளரின் பெயருக்கும் ஓர் இடம் இருந்தால் இந்தத் தட்டிக்கழிப்பு நிற்கும்.

செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. எல்லாக் கூரையையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. அவசரத்தில் கழற்றினால் தூள்தான் கூடும். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, லயம் என்ற வரிசையில் பார்த்து, வெடிப்பு, உடைவு, பாசி, துளை ஆகியவற்றைக் குறித்து, வருடம் ஒருமுறை மறுபடி பார்த்தால் போதும். ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தைக் கிலோக் கணக்கில் நாள் தவறாமல் பதிகிற தோட்ட நிர்வாகத்துக்கு, கூரைக்கு ஒரு வரி எழுதுவது பெரிய காரியமல்ல. சனங்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்பதும் சரியல்ல. நனைத்த பிறகே தொடு, சுரண்டாதே, அறுக்காதே, உடைக்காமல் கழற்று, துண்டுகளைப் பொலித்தீனில் கட்டு என்று சொல்லிக் கொடுத்தால் பயம் கவனமாக மாறும். தோட்ட நிர்வாகமும் தலவாக்கலை–லிந்துலை நகர சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தத்தம் எல்லைக்குள் இதைத் தொடங்கலாம். அடுத்த மழைக்கு ஒழுகும் கூரையில் ஒருவர் ஏறத்தான் போகிறார். தான் எதன்மேல் கை வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.