தேவசாயலும் சாதிச் சான்றிதழும்

சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் மனுதாரர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். அத்தொழில் செய்யும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பங்க் கடைகளை வழங்கியபோது, மதம் மாறியவர் என்ற காரணத்தால் அவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது போதாது. அச்சாதியால் விளையும் இழிவுகள் புதிய சமூகத்திலும் அதே கடுமையுடன் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது.

இத்தீர்ப்பு பெரும்பாலும் அரசியலமைப்புச் சட்ட மாணவர்களின் வாசிப்புக்குரியதாகவே இருந்துவருகிறது. இறையியல் மாணவர்கள் படித்தால் வேறொன்று புலப்படும். தம் திருச்சபைக்குள் தாம் தேவசாயலாக மதிக்கப்படுவதில்லை என்பதை ஒரு கிறிஸ்தவர் அரசின்முன் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உள்ளார்ந்த நிபந்தனை. திருச்சபையின் தோல்விக்கான சாட்சியமே அவருடைய உரிமைக்கான ஆவணமாகிறது.

தேவசாயல் என்ற சொல்லின் எடையை முதலில் உணர வேண்டும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஆளும் எபிரேயச் சொல் ‘செலெம்’. வார்த்துச் செய்த சிலையையும் அச்சொல் குறிக்கும். பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. ஆதியாகமம் அப்பட்டத்தை அரண்மனையிலிருந்து இறக்கி, ஆண் பெண் இருபாலாருக்கும், மனிதராகப் பிறந்த எவருக்கும் உரியதாக்குகிறது. ஆகவே அது மனிதரின் தகுதிநிலை பற்றிய அறிவிப்பு. அதன் ஒன்பதாம் அதிகாரம் கொலையைத் தடைசெய்யும்போதும், யாக்கோபின் நிருபம் கடவுளைத் துதிக்கும் நாவே மனிதரைச் சபிப்பதைக் கண்டிக்கும்போதும், காட்டப்படும் காரணம் இச்சாயலே. இவ்விடங்களில் இரக்கம் என்ற பேச்சே எழவில்லை என்பது கவனத்திற்குரியது.

இந்தியாவிலோ இக்கோட்பாடு பெரிதும் இரக்கத்தின் மொழியிலேயே செவியேறியிருக்கிறது. பசித்தவருக்குச் செய்தது கிறிஸ்துவுக்கே செய்தது என்னும் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமே பிரசங்க மேடைகளில் முதலிடம் பெறுகிறது. கல்கத்தாவின் காளிகாட்டில் 1952இல் இறப்போருக்கான இல்லத்தைத் திறந்த அன்னை தெரேசா அந்த அதிகாரத்தின் அடையாளமானார். விவேகானந்தர் பரப்பிய ‘தரித்திர நாராயணன்’ என்ற கருத்து ஏற்கெனவே பழகியிருந்த மண்ணில் இவ்வுணர்வு எளிதில் வேர்கொண்டது. இவ்விரு மரபுகளின் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழையில் கடவுளைக் காண்பதற்கு ஓர் ஏழை தேவைப்படுகிறார். கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழும் இருக்கும் வரை அக்காட்சி எந்த ஒழுங்கையும் குலைப்பதில்லை. தொழுநோயாளியின் புண்ணைக் கழுவத் தயங்காத அதே குடும்பம், ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வரும் மருமகளை ஏற்க மறுக்கலாம். கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரங்களில் சபைப் பிரிவும் சாதிப் பெயரும் அருகருகே அச்சாவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மத்தேயுவின் அதே அதிகாரத்தில் நீதிமான்கள் வியப்போடு கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: உம்மை எப்போது கண்டோம் என்று. அதாவது அவர்கள் கிறிஸ்துவைக் காணவில்லை; பசித்த மனிதரைத்தான் கண்டார்கள். மனிதரைத் தாண்டிக் கடவுளைத் தேடும் பக்திக்கு அந்தக் காட்சியில் இடமில்லை.

சமநிலை என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தியத் திருச்சபை தடுமாறியதற்கு இரு நூற்றாண்டுச் சான்றுகள் உள்ளன. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். ஒரே கிண்ணத்தில் நற்கருணை அருந்துவதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேல் என்று தஞ்சையிலும் சென்னையிலும் பலர் முடிவெடுத்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெருங்கவி வேதநாயக சாஸ்திரியார், சாதியைக் கைவிடும்படி வற்புறுத்திய புதிய மிஷனரிகளை எதிர்த்து எழுதியிருந்தார். பக்தியிலோ புலமையிலோ அவருக்குக் குறையிருந்ததாக எவரும் சொல்ல முடியாது, சிக்கலே அதுதான். கேரளத்தில் பொய்கயில் யோஹன்னான் சபை சபையாக மாறிப் பார்த்தும் புலையர், பறையர் கிறிஸ்தவர்களுக்குச் சமநிலை கிடைக்காததைக் கண்டு வெளியேறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளரத் தொடங்கியதும் இதே காயத்திலிருந்துதான். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, 2022இல்தான் நியமிக்கப்பட்டார்.

ஆயினும் பொதுவெளியில் அடிக்கடி கேட்பது வேறு வாதம்: கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டுமே அத்தகுதியை அளித்தது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். மத அடிப்படையிலான இத்தடையை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் பயனில்லை. சமத்துவத்தைக் கொள்கையளவில் அறிவித்த சீக்கியமும் பௌத்தமும் அத்தகுதிக்குத் தடையாகாதபோது, கிறிஸ்தவத்தின் கொள்கை மட்டும் தடையாவது எந்தத் தர்க்கத்திலும் அடங்காது. இது அரசு செய்யும் இறையியல். அதுவும் மோசமான இறையியல்.

அரசைக் குறைகூறுவது எளிது. அதே வாதத்தை, கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்று என்ற பக்திச் சொற்களில், சாதிக் கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள். கட்டளையை நடந்தேறிய உண்மையாக மாற்றிச் சொல்லும் உத்தி அது. தேவசாயல் என்ற கோட்பாடு அவர்கள் வாயில் பாகுபாட்டைக் கண்டிக்கும் சொல்லாக இல்லாமல், பாகுபாடே இல்லை என்று மறுக்கும் சொல்லாகிவிடுகிறது. ஒருவரின் சாயலை மறுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட ஆணையத்தின் விசாரணைப் பொருளும் இதுவே. சூசை வழக்கில் இல்லாதுபோன சான்றுகள் எங்கே இருக்கின்றன என்பது பங்குகளில் அனைவருக்கும் தெரியும்: திருமணப் பதிவேடுகளில், திருவிழாத் தேரோட்டத்தின் பாதையில், நிர்வாகக் குழுப் பட்டியல்களில், நடுவே சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டங்களின் வரைபடங்களில். அவற்றுள் பலவும் திருச்சபையின் பூட்டிய அலமாரிகளில் திருச்சபையின் கையெழுத்திலேயே உள்ளன. படைப்புக் கோட்பாட்டை ஆராயும் மாணவர் அகுஸ்தீனாரையும் கார்ல் பார்த்தையும் வாசிக்கத் தவறுவதில்லை. அந்த அலமாரிகளின் சாவியையும் கேட்க வேண்டும்.