பட்டியும் இடைச்செருகலும்

பழைய கார்களை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டிச் சீரமைப்பவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், பிடிவாதத்தில் பெரியவர்கள். ஆனால் அவர்களில் பலரும் ஓர் இடத்தில் வந்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியிருக்கும். துருப்பிடித்த பகுதிகளை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாகியிருக்கும். இனி வர்ணம் பூசுவதுதான் பாக்கி என்று எண்ணிக் கதவை மாட்டிப் பார்த்தால், மேலே விரல் நுழைகிறது. கீழே தாள்கூட நுழையவில்லை. பானெட்டை இறக்கினால் ஒரு பக்கம் அமர்கிறது, மறுபக்கம் எழும்பி நிற்கிறது. 'பட்டி போட்டு இழைத்துவிடலாம் சார்' என்ற குரல் கேட்பது இந்த இடத்தில்தான். அந்தக் குரலுக்கு இணங்கலாகாது என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் தகர வேலைக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சற்றுப் பொறுத்திருந்தால் இரண்டுக்கும் உள்ள உறவு தானே விளங்கும் என்று நம்புகிறோம்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஒரு காலத்தில் சென்னைச் சாலைகளில் சர்வ சாதாரணமாகக் காணப்பட்ட கார். 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூரை ஒட்டிய தன் ஆலையில் 1961 முதல் இதைத் தயாரித்தது. இதன் மூலம் இங்கிலாந்தில் 1959இல் வெளியான ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி.

அந்தக் காரின் உடல் அமைந்த விதத்துக்குப் பின்னால் ஒரு வணிகச் சரித்திரம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல்களை அச்சடித்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. சட்டமும் உடலும் ஒன்றாகவே அமையும் புதுவகைக் காரைச் செய்துதர ஆளில்லை. எனவே பழைய முறைப்படி தனியே ஒரு சேஸிஸ் செய்து, பல சிறு ஆலைகளில் செய்த உடற்பகுதிகளைக் கொண்டுவந்து அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முன்பாதி, பின்பாதி, கூரை, பக்கத் தகடுகள், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும் முழு பானெட் என எல்லாமே தனித்தனி. கழற்றுவதற்கு இதைவிட எளிய கார் இல்லை. திரும்ப இசைவாகப் பொருத்துவதற்கு இதைவிடக் கடினமான காரும் அதிகம் இல்லை.

கடினம் எங்கே இருக்கிறது? கதவில் தெரியும் கோணல் பெரும்பாலும் கதவின் கோணல் அன்று. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைகள் போல நீளும் இரும்புத் தாங்கிகளின்மேல்தான் உடல் அமர்ந்திருக்கிறது. மழைநீரும் சேறும் தங்கி அவை துருவேறி உளுத்துப் போனால் உடல் அந்தப் பக்கமாகத் தாழ்கிறது. கதவு தூணோடு உரசுகிறது. ஆகவே சரிபார்ப்பு கதவில் தொடங்கக் கூடாது, தரையில் தொடங்க வேண்டும். சேஸிஸை மட்டமான தாங்கிகளில் ஏற்றி ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டு அளவும் ஒத்துவருகின்றனவா என்று காண வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் மேலே செய்யும் எந்த வேலைக்கும் பொருளில்லை.

அடுத்தது உடல். சேஸிஸுக்கும் உடலுக்கும் இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளே இங்கே சூத்திரதாரிகள். முன்பாதியின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தகட்டைக் கூடுதலாக வைத்தால், கதவு தொங்கும் தூண் சற்றே பின்சாய்ந்து, மேலேயுள்ள இடைவெளி மாறிவிடும். பின்பாதியை முதலில் நிலைநிறுத்திக்கொண்டு, அதற்கு இசையக் கதவையும், கதவுக்கு இசைய பானெட்டையும் பொருத்திக்கொண்டு முன்னேறுவதே முறை. போல்ட்டுகளைப் பாதி முடுக்கிய நிலையில் வைத்து, நான்கைந்து மில்லிமீட்டர் கனமுள்ள மரச்சீவலை இடைவெளி நெடுகிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். ரப்பர் பட்டை இல்லாமல் ஒருமுறை, பட்டையோடு ஒருமுறை. ஏனெனில் புது ரப்பர் கதவை வெளியே தள்ளும். எல்லாம் ஒத்துவந்த பிறகு மீண்டும் கழற்றி, அதன்பின்தான் வர்ணம். ஒன்றைத் தொட்டால் மூன்று மாறும். வாரக்கணக்கில் நீளும் வேலை.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. இங்கிலாந்தில் அப்படியொரு கார் கிடையாது. அந்நாட்டுக் கையேடுகளும் அங்கே இன்றும் கிடைக்கிற உதிரித் தகடுகளும் இரண்டு கதவுக் காருக்கே உரியவை. உற்பத்தி நின்றுபோன பிறகு, நான்கு கதவுக் காரின் சரியான அளவு எஞ்சியிருப்பது இரண்டே இடங்களில்: பிழைத்திருக்கும் கார்களிலும், அவற்றைத் தட்டிப் பழகிய டிங்கர் தொழிலாளர்களின் கைகளிலும். அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. கோணலைப் பட்டியால் மூடும் ஒவ்வொரு முறையும் நாம் இழப்பது அந்த இரண்டையும்தான். கார் தன் உண்மையான அளவை இழக்கிறது. தொழிலாளிக்கோ தன் அறிவைக் காட்டவும் கைமாற்றவும் கிடைத்த ஒரு வாய்ப்பு நழுவுகிறது.

1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பல சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களைத் தம் புலமையால் இட்டு நிரப்ப அவரால் முடியாதா என்ன? நிரப்பியிருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்போம்? ஆனால் அந்த இடங்கள் புள்ளிகளாகவே நின்றன. ஏடுகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தேடுவது தகடு வைத்துத் தகடு எடுத்து இசைவைத் தேடுவதைப் போன்றது. பட்டி பூசுவதோ இடைச்செருகல். படிக்க வழவழப்பாக இருக்கும். ஆனால் பின்னால் வருகிறவன் எது மூலம், எது பூச்சு என்று அறியமாட்டான்.

இது வெறும் ரசனைப் பிரச்சினையும் அன்று. கதவு இறங்கியதற்குக் காரணம் உளுத்த தாங்கி என்றால், பட்டி அந்தச் செய்தியை அழித்துவிடுகிறது. அடுத்து அந்தக் காரை வாங்குபவர், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போதுதான் அதை அறிந்துகொள்வார். பழைய கார் வாங்குகிறவர்கள் கையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பது நல்லது. தடித்த பட்டியின்மேல் அது ஒட்டாது.

எதிர்வாதங்களும் உண்டு. அன்றைய ஆலைகளே உடற்பகுதிகளின் இணைப்புகளை ஈயம் உருக்கி ஊற்றி நிரவினவே என்பார்கள். உண்மை. தட்டி நிமிர்த்திய தகட்டின்மேல், சுத்தியல் தடம் மறையும் அளவுக்கு மெல்லப் பூசுவதை நாமும் குறை சொல்லவில்லை. அது எழுத்துப்பிழை திருத்துவது போன்றது. விரல் கனத்துக்குப் பூசி இல்லாத விளிம்பை உண்டாக்குவதையே மறுக்கிறோம்.

இதன் மறுகோடியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இயந்திரக் கைகள் பொருத்தும் இன்றைய கார்களைப் போல, நூல் பிடித்தாற்போன்ற இடைவெளி வேண்டும் என்கிறார்கள் அவர்கள். ஹெரால்டு ஆலையைவிட்டு வெளிவந்த நாளிலேயே அப்படி இருந்ததில்லை. போல்ட்டால் சேர்ந்த உடலின் இயல்பு அது. அதைக் கண்காட்சிப் பரிசுக்காகத் திருத்தி எழுதுவதும் ஒருவகைப் பொய்தான்.

நாம் வகுக்கும் எல்லை எளியது. கதவு ஒரே தள்ளலில் மூட வேண்டும். எங்கும் உரசக் கூடாது. ஓட்டத்தில் அதிரக் கூடாது. கண்ணுக்கு இடைவெளி ஓரளவு சீராகத் தெரிந்தால் போதும். அதற்குமேல் எஞ்சும் சிறு ஏற்றத்தாழ்வு அந்தக் காரின் பாடம். அதை அப்படியே விட்டுவைப்பதும் சீரமைப்பில் ஒரு பகுதியே. வர்ணம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கலாம்.