முதற் கேள்வி எது?

சென்ற திங்கள் என் பழைய மாணாக்கர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். கணிப்பொறித் துறையில் பணியாற்றுபவர். சிங்கப்பூரில் அவருக்கு அலுவல் கிடைத்திருக்கின்றது. மனைவியோடும் மக்கள் இருவரோடும் இன்னும் இரண்டு திங்களில் புறப்பட வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் விரித்தார்.

“ஐயா, அங்குப் போய்க் கேட்டறிய வேண்டியவற்றை எழுதி வைத்திருக்கின்றேன். உங்கள் மகளும் அங்கேதானே இருக்கின்றார்கள். விட்டுப்போனவை இருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

படித்துப் பார்த்தேன். குடிக்கூலி குறைந்த பகுதி எது? தொடர்வண்டி நிலையம் எவ்வளவு தொலைவு? புகழ் பெற்ற பள்ளிகள் எவை? கணக்குப் பாடம் எங்கு நன்றாக நடக்கின்றது? நீச்சற்குளம் உள்ள குடியிருப்பு உண்டா? நம்மவர் மிகுதியாக வாழும் பகுதி எது? இவ்வாறு பதினான்கு கேள்விகள். பதினான்கிலும் ‘தமிழ்’ என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை!

என்னிடம் ஐந்தாண்டுகள் தமிழ் பயின்றவர் அவர். கடிந்து கூற நா எழுந்தது. எழுந்த நா அப்படியே அடங்கிற்று. ஏன் அடங்கிற்று என்பதை இங்கு ஒளிக்காமல் எழுதுகின்றேன்.

ஆறாண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு சிங்கப்பூர் சென்றாள். பேரனுக்கு அப்போது அகவை மூன்று. வானூர்தி நிலையம் வரை சென்று வழியனுப்பினேன். வீடு எப்படி, பள்ளி எப்படி, உணவு எப்படி என்றெல்லாம் கேட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வாழ்பவன், என் வீட்டுப் பிள்ளைக்கு அங்குத் தமிழ் உண்டா என்று கேட்கவில்லை. ‘தமிழாசிரியன் பேரனுக்குத் தமிழ் தானே வந்துவிடும்’ என்னும் இறுமாப்பாக இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம். எதுவாயினும் பிழை பிழையே.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு வந்திருந்தார்கள். ஒன்பது அகவைப் பேரன் தன் பள்ளிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். “தாத்தா, நீங்கள் ஆசிரியர்தானே? இதைத் திருத்திக் கொடுங்கள்” என்றான். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னான். திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக, முத்து முத்தாக, இந்தி எழுத்துகள்! செம்மைக் கோலைக் கையில் பிடித்தபடி நான் அமர்ந்திருந்தேன். ஓரெழுத்தும் எனக்குத் தெரியாது. ‘அழகாக எழுதியிருக்கின்றாய்’ என்று மட்டும் சொன்னேன். அச்சொற்களும் அவனுக்கு விளங்கவில்லை. அவன் தாய்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள். என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் எனக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர்!

பிள்ளைமீது பிழை இல்லை. இந்தி என்னும் மொழிமீதும் எனக்குப் பகை இல்லை. விரும்பியவர் எத்தனை மொழியும் கற்கலாம். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் அது அமர்ந்ததே என் நோவு. ‘ஏனம்மா இப்படி?’ என்று மகளைக் கேட்டேன். அவள் சொன்ன விடைதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

“அப்பா, அது இந்தியப் பாடத்திட்டம் உள்ள தனியார் பள்ளி. பத்துப் பிள்ளைகள் கேட்டால் தமிழ் வகுப்பு வைப்போம் என்றார்கள். கேட்டவர்கள் நால்வர். மற்றவர்கள், நாளைக்குத் தில்லிக்கு மாற்றலாகிப் போனால் உதவும் என்று இந்தியைக் கேட்டார்கள். நானும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.”

அவ் வகுப்பில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினைவருக்குக் குறையாது என்றாள்.

பாருங்கள் அன்பர்களே! அங்கே தமிழைத் தடுத்தவர் எவர்? அரசா? இல்லை. பள்ளியா? இல்லை. பதினைந்து தமிழ்ப் பெற்றோருள் பதினொருவர் வாய்திறந்து கேட்கவில்லை, அவ்வளவே. தமிழ் அங்குக் கொல்லப்படவில்லை, கேட்பாரின்றி மாண்டது.

இத்தனைக்கும் சிங்கப்பூர் எத்தகைய நாடு? மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடு. அதன் பணத்தாளில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்தில் பொறித்திருக்கின்றது. அதன் நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயப் பாடம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி என நான்கு பாடங்கள். நான்கிற்கும் ஒத்த மதிப்பு. ஆக, அங்குத் தமிழ் படித்தால் பிள்ளையின் மதிப்பெண் கெடும் என்பது அறியாதார் கூற்று. தமிழில் சிறந்த பிள்ளைக்கு அது நான்கில் ஒரு பங்கு வலிமை.

இவ்வுரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் மக்களிடம் பொருள் திரட்டினார். கொடுத்தவர்கள் பெருஞ்செல்வர் மட்டும் அல்லர். அன்றாடக் கூலி பெற்ற உழைப்பாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். தம் பிள்ளைக்கு எழுத்தறிவு கிட்டுமா என்று அறியாதவர்கள் தமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார்கள். பெருஞ்சம்பளத்தில் போகும் நாம் பள்ளி வாயிலில் ஒரு வாய்ச்சொல் கேட்க நாணுகின்றோம்!

கேளாமையின் விளைவு என்ன என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. உமறுப்புலவர் பெயரில் அங்கே ஒரு தமிழ் உயர்நிலைப்பள்ளி இருந்தது. 1982-இல் அது மூடப்பட்டது. படைகொண்டு எவரும் அதை மூடவில்லை. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பியதால் மாணாக்கர் தொகை குறைந்து போயிற்று. அப் பெயரைத் தாங்கி 1983-இல் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் எழுந்தமை நமக்கோர் ஆறுதல். தத்தம் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணாக்கர் அங்குச் சென்று பயில்கின்றனர்.

வீட்டு நிலை இன்னும் கவலைக்குரியது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய வழியினருள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010-இல் 36.7 விழுக்காட்டினர், 2020-இல் அதனினும் வெகுவாகக் குறைந்துவிட்டனர். ஆங்கிலம் பேசுவோரோ 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காட்டிற்கு ஏறிவிட்டனர். ஆட்சிமொழி என்னும் அரியணை இருந்தும், அடுப்பங்கரையில் தமிழுக்கு இடம் சுருங்குகின்றது.

இனி என் மாணாக்கர் தாளிலிருந்த கேள்விகளுக்கு வருவோம். ‘நம்மவர் மிகுதியாக வாழும் பகுதி எது?’ என்று கேட்டிருந்தார். அங்குக் குடியேறினால் தமிழ் தானே பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். நல்லெண்ணமே, ஆனால் அந்நாட்டிற்குப் பொருந்தாது. அங்கே நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில். ஓரினத்தார் ஓரிடத்தில் திரளாதபடி 1989 முதல் அவ்வீடுகளுக்கு இனவாரி வரம்பு வகுத்திருக்கின்றனர். இந்தியரும் பிற சிற்றினத்தாரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டையும், ஒரு கட்டடத்தில் 15 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்பது 2010-இல் வகுத்த அளவு. ஆதலால் அங்குத் ‘தமிழர் பேட்டை’ என்று ஒன்று இராது. தேக்கா என்று நம்மவர் அழைக்கும் சிராங்கூன் சாலைப் பகுதியில் காய்கறி வாங்கலாம், பூ வாங்கலாம், தமிழ் கேட்கலாம். மாலையில் அவரவர் வெவ்வேறு மூலைக்குத் திரும்பிவிடுவர். அக்கம்பக்கம் தமிழைக் காக்கும் என்று அங்கே நம்பியிருக்க முடியாது. பள்ளியும் வீடும்தாம் காக்க வேண்டும்.

‘புகழ் பெற்ற பள்ளி எது? அதன் அருகில் வீடு பார்க்கலாமா?’ என்பது அடுத்த கேள்வி. தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில், வேண்டுகை இடத்தினும் மிகும்போது, பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கும், அடுத்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கும் முந்துரிமை உண்டு என்பது உண்மையே. இதைக் கேள்வியுற்று, குடிக்கூலியை இரட்டித்துக் கொடுத்துப் பள்ளி வாயிலில் குடியேறுவோர் இருக்கின்றனர். ஆனால் குடிமக்களுக்கும் நிலைத்த வாழ்வுரிமை பெற்றார்க்கும் கொடுத்து எஞ்சிய இடமே பணி இசைவில் வருவோர்தம் பிள்ளைகளுக்கு. இரண்டாம் வகுப்பு முதலாக இடையில் சேர்வோர் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். காட்டினாலும் இடமிருக்கும் பள்ளியையே அமைச்சகம் ஒதுக்கும். கைக்கு எட்டாத புகழுக்காகப் பொருளை இறைப்பது அறிவுடைமை ஆகாது.

இதையும் அறிக. எல்லா அரசுப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு நடப்பதில்லை. சீன மொழியையும் பண்பாட்டையும் பேண 1979 முதல் ஏற்படுத்திய சிறப்புத் திட்டப் பள்ளிகளில் தமிழ்ப் பாடம் இல்லை. அவற்றுட் சில பெரும்புகழ் பெற்றவை. தமிழ் இல்லாத பள்ளியில் சேர்ந்த பிள்ளை, பள்ளி முடிந்தபின் வேறோர் இடத்திற்குப் பயணம் செய்து தமிழ் படிக்க வேண்டும். களைத்த பிள்ளைக்குத் தமிழ் சுமையாகும், சுமையானது வெறுப்பாகும். இடையில் வந்து சேரும் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்தினின்று விலக்குக் கேட்கவும் வழி இருக்கின்றது. அவ்வழி திறந்திருக்கின்றது என்பதற்காகவே அதில் நுழைவாரும் நம்மவருள் உளர்!

‘பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?’ என்று கேட்பர். ஆங்கிலம் அங்குப் பயிற்றுமொழி. வகுப்பிலும் தெருவிலும் கடையிலும் அது தானே வரும். அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. நாம் கொடுத்தாலன்றி வாராதது தமிழ் ஒன்றே. தானே வருவதற்கு வீட்டிலும் இடம் கொடுத்து, கொடுத்தால் மட்டுமே வருவதைக் கொடாமல் விடுவது எந்தக் கணக்கில் சேரும்?

ஆகவே என் மாணாக்கர்க்கு நான் சொன்ன வரிசை இது. “தம்பி, முதலில் தமிழ் உள்ள பள்ளி எது என்று கேள். அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் அதுவே நன்று. தனியார் பள்ளிதான் வாய்க்கும் என்றால், பணம் கட்டுமுன் தமிழ் வகுப்பு உண்டா, எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று எழுத்தில் கேள். மற்றத் தமிழ்ப் பெற்றோரையும் கேட்கச் செய். அடுத்து, தமிழ் நூல்கள் உள்ள பொது நூலகக் கிளை எங்கிருக்கின்றது என்று பார். பள்ளிக்கும் நூலகத்திற்கும் பிள்ளை நடந்து போகத்தக்க இடத்தில் வீடு தேடு. தொடர்வண்டிக்கு நீ பத்து நிமையம் கூடுதலாக நடந்தால் கால் தேயாது. கடைசியாக, எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் வீட்டு வாயிலுக்கு உள்ளே தமிழ் அன்றி வேறொன்று பேசாதே. பள்ளி கிழமையில் சில மணி நேரம் கற்பிக்கும். எஞ்சிய பொழுதெல்லாம் உன் பொறுப்பு.”

அவர் தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் ஒன்று என்று எண்ணிட்டு எழுதினார். பதினான்கு கேள்விகளும் ஒவ்வோர் எண் பின்னே தள்ளிப் போயின.

என் வீட்டு நிலையையும் சொல்லி முடிக்கின்றேன். இப்போது ஞாயிறுதோறும் கைப்பேசி வழியே பேரனுக்கு எழுத்துச் சொல்லித் தருகின்றேன். உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்தில் நிற்கின்றோம். தன் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பினான். ஒற்று ஒன்று விட்டிருந்தான். இம்முறை செம்மைக் கோலுக்கு வேலை இருந்தது. என் மகள், வரும் ஆண்டில் தமிழ் வகுப்பு வேண்டுமென்று பெற்றோரைக் கண்டு கையொப்பம் வாங்குகின்றாள். பத்தில் ஏழு வந்திருக்கின்றன. இன்னும் மூன்று வேண்டும்.

அயல்நாட்டிற்குப் புறப்படும் உறவினர் உங்கள் வீட்டிலும் இருப்பர். வழியனுப்பும்போது ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கின்றீர்கள். அதனோடு இந்த ஒரு கேள்வியையும் கட்டிக் கொடுங்கள். நான் கேட்க மறந்து ஆறாண்டுகளை இழந்தேன். நீங்கள் மறவாதீர்கள். கேட்பார் பதின்மர் இருந்தால் தமிழ் வாழும். ஒன்பதின்மராய்க் குறைந்தால் வகுப்பறைக் கதவு மூடும். அந்தப் பத்தாமவர் நீங்களாக இருங்கள்!