ஆறெழுத்து ஊர்கள்

விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் குறுக்கெழுத்துப் புதிரில் ஆறு கட்டங்கள் போதும். ஜாவாஸ்கிரிப்டோ முன்னதன் நீளம் 11 என்றும் பின்னதன் நீளம் 10 என்றும் சொல்லும். ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம்.

ஆகவே நோட்.ஜேஎஸ் கொண்டு தமிழ்ப் புதிர்த்தளம் அமைப்பவர் எழுத்தெண்ணும் நிரலைத் தாமே எழுதிக்கொள்ளலாம். எழுதியதைக் கட்டம் வரையும் கோப்பு, விடை திருத்தும் கோப்பு என ஒவ்வொன்றிலும் நகலெடுத்து ஒட்டும் வழக்கத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

க்ஷ ஓரெழுத்தா, இரண்டா? நிரலாளர் ஒரு பக்கம் நின்றே தீர வேண்டும். நகல்களில் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால், லக்ஷ்மிக்கு மூன்று கட்டம் வரைந்துவிட்டு நான்கெழுத்து விடை கேட்கும் தளம்.

அந்நிரலைத் தனிக் கோப்பில் வைத்து ‘எக்ஸ்போர்ட்ஸ்’ வழியே வெளிவிட்டால், பிற கோப்புகள் ‘ரிக்வயர்’ செய்துகொள்ளலாம். நோட் அதை ஒருமுறை மட்டும் இயக்கி, கேட்கும் கோப்புகளுக்கெல்லாம் அதே பொருளைத் தருகிறது. ஆதலால் அதில் விதிகள் இருக்கலாம். ஒரு பயனரின் விடைகளை வைத்தால் அடுத்தவருக்குக் கசியும்.

பகிர்வு பிறரை நம்பி நிற்கச் செய்யும் என்பார் உண்டு. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரித் தொகுதி என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டதும் உலகெங்கும் பல மென்பொருள்களின் கட்டமைப்பு முறிந்தது உண்மையே. ஆனால் அதற்கு மாற்று நகலெடுப்பதன்று. நம் எழுத்தின் விதியை நம் கோப்புறையில், ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதுதான்.