மதம் போனது, பேச்சு நிலைத்தது

தென் இத்தாலியின் கலாப்ரியாவில், திர்ரேனியக் கடலைப் பார்த்தபடி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குவார்தியா பியெமொந்தேசே. இந்த மலையூரின் முதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பக்கத்து ஊர்க்காரருக்கே புரியாது. கேட்பவர்கள் அதைச் சிதைந்த இத்தாலியம் என்று நினைத்துவிடலாம். ஆனால் அது தெற்கு பிரான்சிலும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளிலும் வழங்கும் ஆக்சித்தான் மொழி.

நாட்டின் மறுகோடிக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் வால்தேசியர்கள். 12ஆம் நூற்றாண்டில் லியோன் நகர வணிகர் வால்டோ தொடங்கிய, ஏழ்மையைப் போற்றிய கிறித்தவ இயக்கம் அவர்களுடையது. கத்தோலிக்கத் திருச்சபை அவர்களை ஒதுக்கியது. பியெமொந்தே பள்ளத்தாக்குகளிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள், பல தலைமுறைகள் சந்தடியில்லாமல் வாழ்ந்தார்கள். 1532இல் இயக்கம் சீர்திருத்தத் திருச்சபையோடு சேர்ந்தது. ஜெனீவாவிலிருந்து வந்த போதகர் ஜான் லூயிஜி பஸ்காலே வெளிப்படையாகப் பிரசங்கம் செய்தார். 1560இல் ரோமில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடுத்த ஜூனில் ஊரே வெட்டிச் சாய்க்கப்பட்டது. ஊர் வாயிலுக்கு இன்றும் ‘இரத்த வாசல்’ என்றே பெயர்.

தப்பியவர்கள் கத்தோலிக்கராக்கப்பட்டார்கள். வீட்டுக் கதவுகளில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய சிறு சாளரம் பொருத்தப்பட்டது. உள்ளே பழைய ஜெபம் நடக்கிறதா என்று யாரும் எட்டிப்பார்க்கலாம். அப்படிப்பட்ட கதவுகள் சில இன்றும் உண்டு. இத்தனை காவலிலும் மதம்தான் போனது, பேச்சு போகவில்லை. இதை வீரமான எதிர்ப்பாகச் சொல்லும் ஆசை எனக்கில்லை. ஜெபத்தை ஆணையிட்டு மாற்றலாம். பிள்ளையை அதட்டவும் ஆட்டை விரட்டவும் ஒருவருக்கு வேறு மொழி வர வேண்டுமே!

1999இல் இத்தாலி இயற்றிய 482ஆம் எண் சட்டம் 12 சிறுபான்மை மொழிச் சமூகங்களை அங்கீகரித்தது. ஆக்சித்தான் அதில் உண்டு. சுற்றுவட்டாரத்துக் கலாப்ரிய வழக்குகள் இல்லை. அவையும் இத்தாலியத்தின் பிள்ளைகள் அல்ல, நேராக லத்தீனிலிருந்து வந்தவை. பொது இத்தாலியமே பழைய ஃபுளோரன்ஸ் நகரப் பேச்சின் மேல் எழுந்ததுதான். எனவே பட்டியலில் இடமில்லாத பேச்சை மட்டமானதாகக் கொள்ளக் காரணமில்லை.

பட்டியலில் இருப்பதாலேயே குவார்தியா பிழைத்துவிடவும் இல்லை. இதன் பேச்சை யுனெஸ்கோ கடும் ஆபத்திலுள்ள மொழிகளோடு வைத்திருக்கிறது. பெயர்ப்பலகைக்கும் பாடத்துக்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் மக்களில் பெரும்பகுதி மலையை விட்டிறங்கி, கீழே கடலோரக் குடியிருப்பில் வாழ்கிறது. அங்கே பிள்ளைகள் விளையாடுவது இத்தாலியத்தில்.