காலி செய்த வீடு. கையில் பழைய சாவி!

ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்கிறார். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். ஆனால், இன்னொரு சாவி அவர் பையிலேயே கிடக்கிறது.

அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வருகிறது. அவர்கள் பெட்டியில் நகை இருக்கிறது. பழைய சாவி அந்தக் கதவை இன்னமும் திறக்கும்!

செல்போனுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு.

படம் வரையும் பகுதி

செல்போனின் முக்கியச் சிப்புக்குள், திரையில் படம் வரைவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியை ஓட்டும் மென்பொருளுக்கு "டிரைவர்" என்று பெயர். போனின் ஆணிவேரான மென்பொருளுக்குக் "கெர்னல்" என்று பெயர். டிரைவர் அதற்குள் இருந்து வேலை செய்கிறது. ஆகவே, அங்கே நேரும் சிறு தவறும் போன் முழுவதையும் பாதிக்கும்.

படம் வரைய நினைவகத்தில் இடம் வேண்டும். டிரைவர் இடம் ஒதுக்குகிறது. அதன் முகவரியைக் குறித்துக் கொள்கிறது. வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பழைய முகவரியை அழிக்க மறந்தால் என்ன ஆகும்? அந்த இடம் வேறு வேலைக்குப் போன பிறகும், கெட்ட செயலி ஒன்று அதன் வழியே உள்ளே நுழையலாம். ரகசியத்தைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம்.

இரண்டு கைகளின் போட்டி

இந்தத் தவறு ஏன் நேருகிறது? டிரைவருக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. "இடம் இருக்கிறதா?" என்று ஒரு கை பார்க்கிறது. இருக்கிறது. அது இடத்தைத் தொடுவதற்குள், இன்னொரு கை அதைக் காலி செய்துவிடுகிறது!

ஆயிரம் முறை சோதித்தாலும் இது கண்ணில் படாமல் போகலாம். திருடனோ, இது நேரும் வரை விடாமல் முயல்வான்.

2022-ல் நடந்தது

பிரிட்டனில் உள்ள ஆர்ம் கம்பெனி வடிவமைத்த "மாலி" என்ற படம் வரையும் பகுதி, பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. அதன் டிரைவரில் 5 ஓட்டைகள் இருப்பதை, 2022 ஜூன், ஜூலை மாதங்களில் கூகுளின் "புராஜெக்ட் ஜீரோ" குழு ஆர்முக்குத் தெரிவித்தது. அவற்றில் 3 ஓட்டைகள், காலி செய்த இடத்துக்குள் மீண்டும் நுழைய விடுபவை!

ஜூலை, ஆகஸ்டில் ஆர்ம் அவற்றைச் சரி செய்தது. நவம்பரில், அந்தக் குழு தன்னிடம் இருந்த மாலி போன்களைச் சோதித்தது. ஒன்றுக்குக்கூடத் திருத்தம் வந்து சேரவில்லை!

2023 அக்டோபரில் இதே வகை ஓட்டை ஒன்றை ஆர்ம் அறிவித்தது. சிலரைக் குறிவைத்து அது பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றும் கூறியது.

தடுப்பது எப்படி?

வழிகள் மூன்று. எத்தனை பேர் கையில் சாவி இருக்கிறது என்று எண்ண வேண்டும். கடைசிச் சாவி வந்த பிறகே வீட்டைக் காலி என்று கொள்ள வேண்டும். இது முதல் வழி.

பார்ப்பதையும் தொடுவதையும் ஒரே பூட்டுக்குள் செய்ய வேண்டும். இடையில் மற்றொரு கை நுழையக்கூடாது. இது இரண்டாவது.

மூன்றாவது, "ரஸ்ட்" என்ற கணினி மொழி. இத்தகைய தவறுகளை எழுதும்போதே அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸ் கெர்னல், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இதற்கு இடம் கொடுத்தது.

ஆனால், திருத்தம் கம்பெனியிலேயே தூங்கினால் பயன் இல்லை. போன் செய்பவர்கள் அதை உடனே அனுப்ப வேண்டும். "அப்டேட்" வந்திருக்கிறது என்று போன் சொன்னால், வாங்கியவரும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளக்கூடாது. பாங்குப் பணமும் குடும்பப் படங்களும் அந்தப் போனில்தானே இருக்கின்றன!