புளி தின்ற எழுத்துகள்

சோழவந்தானுக்கு அப்பால், வைகைப் பாசனத்தில் நெல்லும் வாழையும் செழிக்கும் ஒரு கிராமத்தில், பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டத் தீர்மானித்த என் நண்பர் ஒருவர், பூஜை அறை அலமாரியின் அடித்தட்டிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து வந்து என் முன் வைத்தார். துணியை விலக்கினால் ஒரு ரிவால்வர். மருது பாண்டியர் காலத்தில் சிவகங்கைச் சீமையிலிருந்து முப்பாட்டனாருக்கு வெகுமதியாக வந்த ஆயுதம் அது என்று அவருடைய தாயார் பக்தி சிரத்தையோடு சொன்னார். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று தேய்த்து, மறுநாள் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது, அந்த அம்மாள் மருமகளாக வந்த நாள் முதல் தவறாமல் நடந்து வந்த காரியம்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று அவ்வளவு காலமும் ஒருவரும் பார்த்ததில்லை என்பதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. காவல்துறை ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து, அவர் கையால் திறந்து காலி என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் பூதக்கண்ணாடியை எடுத்தோம்.

மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. ஆங்கிலேயரோடு அவர்கள் நடத்திய போரில் வழங்கியவை வேலும் வளரியும், திரியாலும் தீக்கல்லாலும் வெடித்த நீண்ட துப்பாக்கிகளுமே. அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் தம் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றது 1836இல். உலோகத் தோட்டாவைப் பின்புறமாக இட்டுச் சுடும் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1857இல். ஆகவே அம்மாள் சொன்ன காலம் எவ்விதத்திலும் பொருந்தாது. குழலின் மேல் மங்கலாக 'வெப்ளி அண்ட் ஸ்காட்' என்ற பெயர் தெரிந்தது. அந்தக் கம்பெனி அப்பெயரை மேற்கொண்டது 1897இல். உருளையின் அறைகளுக்கு நடுவே, சிறு கிரீடமும் அதன் கீழ் 'என்.பி.' என்ற இரண்டு எழுத்துகளும் கடுகளவில் பொறிக்கப்பட்டிருந்தன. புகையற்ற வெடிமருந்தைத் தாங்குமா என்று பர்மிங்காம் சோதனைச் சாலையில் வெடித்துப் பார்த்து இட்ட முத்திரை அது. 1904 முதல் வழங்கி, 1954இல் வேறு வடிவத்துக்கு மாறியது. துணி மடிப்பில் கிடந்த பாட்டனாரின் லைசென்ஸ் புத்தகத்தில் 1928 என்ற ஆண்டு இருந்ததால், ஆயுதம் 1904க்கும் 1928க்கும் இடையில் பிறந்தது என்று துணிந்து சொல்ல முடிந்தது.

அம்மாளின் முகம் வாடியதைக் கண்டு நான் வருந்தினேன். ஆயினும் மெய்யான கதை எவ்வகையிலும் சிறியதன்று. 1801 டிசம்பர் 1ஆம் தேதி, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டமோ, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து இந்தியரை மட்டும் லைசென்ஸுக்குக் காத்துநிற்க வைத்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அதைத் திருத்தக் கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. அத்தகைய காலத்தில் வைகைக் கரை விவசாயி ஒருவர் லைசென்ஸ் பெற்று ஒரு பர்மிங்காம் ரிவால்வரை வீட்டில் வைத்திருந்தார் என்றால், அவர் யார், என்ன உத்தியோகம் வகித்தார், யாருக்கு அஞ்சினார் என்ற கேள்விகள் எழுகின்றன; மருதிருவர் பெயரைச் சொல்லி அவற்றையெல்லாம் அந்தக் குடும்பம் மறந்துவிட்டிருந்தது.

விடை காண உதவியிருக்கக்கூடியது அடிச்சட்டத்தில் வெட்டிய வரிசை எண். முதல் மூன்று இலக்கங்கள் தெரிந்தன. மீதியைப் புளி தின்றுவிட்டது. எண்ணை இழந்த துப்பாக்கி பேச்சை இழந்த சாட்சி. பகத்சிங் 1928 டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட கோல்ட் பிஸ்டல், 1969 முதல் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில், கறுப்புப் பூச்சுக்கு அடியில் இன்னதென்று அறியப்படாமலே கிடந்தது. ஒரு பத்திரிகையாளரின் விடாமுயற்சியால் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் வெளிப்பட்டு, வழக்கு ஆவணத்தோடு ஒத்துப்போயிற்று. பூச்சு எண்ணை மறைத்ததே ஒழிய அழிக்கவில்லை. நம் வீடுகளில் புளியும் உப்புத்தாளும் அழித்தே விடுகின்றன. இத்தகைய பொருள் கையில் வந்தவர்கள் அதைத் தேய்க்காமல், எண்ணெய் தடவாமல், எடுத்த நிலையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழம்பொருளாயிற்றே, லைசென்ஸ் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்குத்தான். உரியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. அவர்கள் தங்கள் பெயருக்கு லைசென்ஸ் பெற்றுத் திரும்பப் பெறவும், தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. என் நண்பர் மறுவாரமே ஒப்படைத்துவிட்டார். ரசீதில் "பழைய கைத்துப்பாக்கி ஒன்று" என்று எழுதினார்கள். முத்திரையைப் பற்றியோ ஆண்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

இந்த ஒரு வரிப் பதிவு எனக்குத் துயரம் அளிக்கிறது. கிடங்கில் அடைந்து, பிற்பாடு உருக்கப்பட்டாலும் கேட்பாரில்லாத நிலைக்கு ஒரு சரித்திர சாட்சியத்தை இந்த வரி தள்ளிவிடுகிறது. தண்டனைக்கு அஞ்சிக் கிணற்றில் போட்டுவிடும் குடும்பங்களின் பயத்தையும் நான் குறை கூற மாட்டேன். மதுரையில் தமுக்கத்தில், காந்தி நினைவு அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாநகரக் காவல்துறைக்கு ஆயுதம் அறிந்த நிபுணர்களும் இருக்கிறார்கள். இவ்விரு தரப்பாரும் மாதம் ஒரு நாள் கூடி, ஒப்படைக்கப்பட்ட பழைய ஆயுதங்களின் முத்திரைகளையும் எண்களையும் படம் பிடித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவின் நகலை வாரிசுகளுக்கு அளிக்க வேண்டும். தாமாக வந்து ஒப்படைப்பவர்மேல் வழக்கு இல்லை என்று கமிஷனரும் கலெக்டரும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

ரிவால்வர் போன பிறகு அந்தத் தாயார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நான் பென்சிலால் எழுதிக்கொண்ட அந்த மூன்று இலக்கங்களை அவருக்கும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று. எழுதித் தந்திருக்கிறேன்.